தாம்பரத்து மெஷினில் மட்டும் சிவப்பு

அந்த மெயிலிங் லிஸ்டில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. நல்ல யோசனை என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம் என்பார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வாயே திறக்கமாட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டு முடித்து, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அதே மரியாதைதான். எனக்கு இது புரிவதற்குள் தலையில் பாதி நரைத்துவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பாங்க், ஆஸ்பத்திரி, டிக்கெட் புக்கிங் என்று எங்கெங்கோ கணக்கு வழக்குகளைச் சுமந்துகொண்டிருக்கும் ஒரு டேட்டாபேஸ் அது. எல்லாவற்றையும் அட்டவணை அட்டவணையாக வைத்துக்கொண்டு, ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். அது யாருடைய சொத்தும் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். அந்தத் திருத்தத்துக்குப் பேர் பேட்ச். அதை உள்ளே சேர்க்கும் உரிமை உலகத்தில் ஒரு சிலருக்குத்தான் உண்டு, அவர்கள் கமிட்டர்கள். மற்ற எல்லோரும் வெளியே நின்று, அந்த மெயிலிங் லிஸ்டில் பேசலாம். எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

நான் நாவலூரில் ஒரு கம்பெனியில் சப்போர்ட் வேலையில் இருந்தேன். எங்கோ ஒரு கஸ்டமருடைய சிஸ்டம் நின்றுபோனால், அவர் கத்துவதை ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டே எதனால் நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் ஒரு கத்தல் மட்டும் எல்லாக் கஸ்டமருக்கும் பொதுவாக இருந்தது. பட்டப்பகலில் யாராவது ஓர் அட்டவணையின் அமைப்பை மாற்றப் போவார். மொத்த சிஸ்டமும் உறைந்துவிடும்.

தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜன்னலில் ஒரு பெரியவர் எந்த ஊருக்கு டிக்கெட் வேண்டும் என்று போனில் மகனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மற்ற ஜன்னல்கள் காலி. ஆனால் அவருக்கு அடுத்தபடி வரிசையில் நிற்பவர் கவுண்டருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர். எல்லா ஜன்னலும் காலியானால்தான் அவர் வேலையை ஆரம்பிக்க முடியும். அவரைத் தாண்டி வேறு யாரும் போகவும் கூடாது. பெரியவருக்காகப் பெயிண்டர் நிற்க, பெயிண்டருக்காக ஊரே நிற்கும். அட்டவணையை மாற்ற வருபவர்தான் அந்தப் பெயிண்டர்; இதுதான் அந்த டேட்டாபேஸின் நியாயம். என் பேட்ச் செய்ததெல்லாம், பெயிண்டரை வரிசையிலிருந்து எடுத்து ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்காரவைத்ததுதான். கூட்டம் ஓய்ந்ததா என்று அவர் அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். ஓய்ந்த உடனே ஷட்டரை இறக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார். ஊர் நிற்காது.

கேட்பவர்கள், இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் என்பார்கள். என் கணவர் கேட்டார். நானும்தான் அப்படி நினைத்து அனுப்பினேன்.

முதல் மெயிலில் எல்லோரையும் மதிப்பிற்குரிய ஐயா என்று கூப்பிட்டிருந்தேன். என் பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் அது. அவர்கள் பதில் எழுதும் முறையைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் எழுதியதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் கீழும் ஒரு வரி: இது ஏன்? இது தேவையா? இதை முன்பே பேசினோமே? வணக்கமும் கிடையாது, நலமா என்ற கேள்வியும் கிடையாது. முதல் தடவை எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, வெட்டுகிறார்கள் என்றால் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெட்டாமல் விட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அந்த ஸ்டூலுக்கு, அதாவது என் பேட்ச் கொடுக்கும் புது வசதிக்கு, என்ன பேர் வைப்பது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசினார்கள். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தவர் ஓரிருவர்தான். பேர் சொல்ல மட்டும் எங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். ஒருவர் ஒரு பேர் சொல்வார், இன்னொருவர் அதற்கு மைனஸ் ஒன்று போட்டு வேண்டாம் என்பார், மூன்றாமவர் இருவருக்கும் பொதுவாக ஒன்று சொல்வார், அதை யாருக்கும் பிடிக்காது. நம் வீடுகளில் குழந்தைக்குப் பேர் வைக்கும்போது நடக்கும் கூத்துதான், குழந்தையைத்தான் யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. நான் எல்லோருக்கும் சரி சரி என்று பதில் எழுதி, ஒவ்வொருவர் சொன்ன பேரையும் மாற்றி மாற்றிப் புதிய பேட்ச் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த லிஸ்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. உன் பேட்ச்சை யாராவது படிக்க வேண்டும் என்றால் நீயும் அடுத்தவருடையதைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். மொய் மாதிரி. அதற்கு மேலும் ஏதாவது செய்தால் நல்ல பேர் கிடைக்கும் என்று நினைத்துத்தான் மெஷின் வைத்தேன்.

அது இப்படி. கமிட்டர்கள் எதையாவது உள்ளே சேர்த்தால், உலகத்தில் பல ஊர்களில் தன்னார்வலர்கள் வீட்டிலும் ஆபீசிலும் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள் அதைத் தாமாகவே இறக்கிக்கொண்டு, எல்லாச் சோதனைகளையும் ஓட்டிப் பார்த்து, பொதுவான ஒரு பக்கத்தில் முடிவைப் போடும். சரியாக ஓடினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. விதவிதமான மெஷின்கள் இருந்தால்தான் விதவிதமான தப்புகள் மாட்டும். அதனால் பழையது, மெதுவானது, யாரும் சீண்டாதது எல்லாவற்றுக்கும் அங்கே மரியாதை. எங்கள் நாவலூர் கம்பெனியில் ஒரு மாடியையே காலி செய்தபோது, அந்த மாடியில் இருந்த எங்களையும் சேர்த்துத்தான் காலி செய்தார்கள். கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாக்கா, இது ஓடிகினு கீதா, இல்ல எடைக்குப் போடவா?"

எனக்கே தெரியவில்லை, வீட்டுக்குப் போய்ச் செருகிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். ஓடியது. தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் எங்கள் வீட்டு மாடி அறையில், மேலே ஓடு இல்லாத வெறும் தளத்துக்குக் கீழே, அதை வைத்தேன். விமானப்படைப் பயிற்சி விமானம் தாழ்வாகப் போனால் அந்த அறையின் ஜன்னல் அதிரும். அதைத் தவிர அங்கே வேறு தொந்தரவு கிடையாது.

வேலை போன பிறகு நிறைய இன்டர்வியூ போனேன். என் வயதைப் பார்த்ததும் கேள்விகள் மரியாதையாக மாறிவிடும். மேடம், உங்கள் அனுபவத்துக்கு இந்த வேலை சிறியது என்பார்கள். சிறிய வேலையாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. இந்த டேட்டாபேஸை வைத்தே பிழைக்கும் ஒரு சின்ன வெளிநாட்டுக் கம்பெனி. வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்க இதற்கே புரோகிராம் எழுதுவது. இன்டர்வியூவில் பேசிய அம்மாள் லிஸ்டில் என் மெயில்களைப் படித்திருந்தார். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். அவர்கள் எடுப்பது, சேர்க்கப்பட்ட பேட்ச் ஒன்றாவது தன் பேரில் உள்ளவர்களை மட்டும்தான். இந்த வருஷ வெளியீட்டுக்குள் உங்களுடையது போய்விட்டால் எனக்கு எழுதுங்கள், இடத்தை வைத்திருக்கிறேன் என்றார்.

வருஷத்துக்கு ஒரு வெளியீடு. ஏப்ரலில் கதவைச் சாத்துவார்கள்; அதன்பின் புதியது எதுவும் உள்ளே போகாது, பிழை திருத்தம் மட்டும்தான். ஆக, எனக்கு ஏப்ரல் வரை நேரம் இருந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்ததில்லை, கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மெயில்கள் விடியற்காலையில் வரும். அவர்களுக்கு அது சாயங்காலம். பால் காயும்போது ஒரு கையில் போன், மறு கையில் கரண்டி. கமிட்டர்களில் ஒருவர், அதிகம் பேசாதவர், மார்ச் மாதம் திடீரென்று என் பேட்ச்சை எடுத்துக்கொண்டார். யாரும் பார்க்காத உட்பகுதியை அவர் பார்த்தார். கேள்விகள் கேட்டார், எல்லாமே நல்ல கேள்விகள். ஸ்டூலின் பேரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அந்தச் சில வாரங்கள் என் வேலையை ஒருவர் வேலையாக மதித்துப் பார்த்தார் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். பால் இரண்டு முறை பொங்கி வழிந்தது, என் கணவர்தான் அடுப்பைத் துடைத்தார்.

கதவு சாத்துவதற்குச் சற்று முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர் அதை உள்ளே சேர்த்துவிட்டார். கீழே என் பேர், எழுதியவர் என்று. நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கணவர் மறைமலை நகருக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே கார் பாகங்கள் செய்யும் ஒரு ஃபேக்டரியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். ஒரு லேஸ் கட்டியும் ஒரு லேஸ் கட்டாமலும் எழுந்துவந்து என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். நான் அந்த அம்மாளுக்கு உடனே எழுதினேன். வாழ்த்துகள், திங்கட்கிழமை ஆபீசில் பேசிவிட்டு வருகிறேன் என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இவர் என்னைக் கேட்காமலே ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டார். கேட்டதைக் கர்த்தர் கொடுத்தால் நன்றி சொல்லிக் கவர் போடுவதும், அதை ஆராதனையில் வாசிப்பதும் எங்களில் வழக்கம். பிரசவம், பரீட்சை, ஆபரேஷன், வீட்டு லோன் என்று அந்த வாரத்துக்கானவற்றை வாசித்துக்கொண்டே வந்த செயலாளர், எங்கள் குடும்பத்தின் பேரைச் சொல்லி, மனைவிக்கு வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை கிடைக்கச் செய்த தேவ கிருபைக்காக என்று வாசித்தார். நான் திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் கை கொடுத்தவர்களுக்குக் கணக்கில்லை. இன்னும் லெட்டர் வரவில்லை அக்கா என்று ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். வந்துரும்மா, வரலேன்னு வாயால சொல்லாத என்றார். அதற்குப் பிறகு எல்லோரிடமும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, அந்தப் பொதுப் பக்கத்தைத் திறந்தேன். சும்மா பார்க்கத்தான். என் பேட்ச் எல்லா ஊரிலும் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற ஆசை. பக்கம் முழுக்கப் பச்சை. ஒரே ஒரு சிவப்பு. அது எங்கள் மாடி அறையில் இருக்கிற மெஷின்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அறை கொதித்துக்கொண்டிருந்தது, மெஷினின் தகட்டில் கை வைக்க முடியவில்லை. மறுபடி ஓட்டினேன், சாயங்காலம் அது பச்சையாகிவிட்டது. சரி, ஏதோ கோளாறு என்று விட்டேன். திங்கட்கிழமை காலையிலும் பச்சை. மதியம் சிவப்பு. மாலை பச்சை. ஏப்ரல் வெயிலில் சூடு தாங்காமல் அந்த மெஷின் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறது என்பது புரிந்தது. உலகத்தில் வேறு எந்த மெஷினும் இப்படி ஒரு தளத்துக்குக் கீழே மதியத்தைக் கழிப்பதில்லை. மெதுவானதால் சோதனை நேரம் கடந்து தோற்கிறது என்று யாராக இருந்தாலும் நினைப்பார்கள்.

லிஸ்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவர், மெதுவான மெஷின், சூடான நாடு, சோதனைக்கான நேரத்தைக் கூட்டிவிட்டால் போதும் என்று எழுதினார். அதை ஆமோதித்து இரண்டு பேர் ப்ளஸ் ஒன்று போட்டார்கள். அந்தக் கமிட்டர் மட்டும் என்னிடம் நேரடியாகக் கேட்டார். பேட்ச்சும் உங்களுடையது, மெஷினும் உங்களுடையது. இது வெறும் மெஷின் பிரச்சினைதான் என்று நீங்கள் நினைக்கிறீர்களா? நீங்கள் சொன்னால் நேரத்தைக் கூட்டிவிடுகிறேன்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். அந்த அம்மாள் அதே திங்கட்கிழமைதான் தன் ஆபீசில் பேசப் போயிருந்தார்.

ஆமாம் என்று எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அதுதான் நான் செய்த காரியம். செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டை மறந்து, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாடியில் உட்கார்ந்து, தோற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று வரிவரியாகப் பார்த்தேன். நேரம் கடந்ததால் தோற்கவில்லை. பெயிண்டர் எட்டிப் பார்த்து, கூட்டம் இல்லை என்று தெரிந்துகொண்டு, ஷட்டரை இறக்கப் போவார் இல்லையா, அந்தப் பார்வைக்கும் ஷட்டருக்கும் நடுவில் ஒரு நூலிழை இடைவெளி இருந்தது. வேகமான மெஷின்களில் அதற்குள் யாரும் நுழைய முடியாது. எங்கள் மாடியில் மதிய வெயிலில் அந்த இடைவெளி அகலமாகி, ஓர் ஆள் கையை நீட்டிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். டிக்கெட் போட்டாச்சு என்று அவருக்குப் பதிலும் வந்துவிடுகிறது. ஆனால் டிக்கெட் எங்கும் இல்லை. எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதாமல் விடுவதைவிடப் பெரிய பாவம் ஒரு டேட்டாபேஸுக்கு வேறில்லை. இடைவெளி நான் எழுதிய வரியில்தான் இருந்தது. அவ்வளவு பேர் படித்தும் யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே ஃபேனுக்குக் கீழே நின்று கேட்டார்.

"அந்த ஒரு மெஷின்தானே சொல்லுது? அதை ஆஃப் பண்ணிடேன்மா. யார் கேக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

"மெதுவா சரி பண்ணிக்கலாம். வேலை கைக்கு வரட்டும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உங்கள் லைனில் ஒரு பீஸில் விரிசல் தெரிந்தால் அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டேன். அவர் அப்போதுதான் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"அனுப்ப மாட்டேன். ஆனா நான் ரிஜெக்ட் பண்ணா எனக்குச் சம்பளம் வரும். நீ ரிஜெக்ட் பண்ணா உனக்கு வேலை போயிடும்."

அவர் சொன்னது நியாயம்தான், சொன்ன முறையிலும் தப்பில்லை.

நான் எழுதினேன். உத்தமி என்று பேர் வாங்க எழுதவில்லை. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியிலோ பாங்கிலோ ஒரு வரி காணாமல் போகும். போன சுவடே இருக்காது. அப்போது நாவலூர் மாதிரி ஓர் இடத்தில் என்னை மாதிரி ஒருத்தி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கத்தலைக் கேட்டுக்கொண்டு, கண்டுபிடிக்கவே முடியாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். அந்தக் கத்தலைத் தெரிந்தே இன்னொருத்தி காதில் போய் விழவைக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். என்ன நடக்கிறது என்று விளக்கி, அதை அடைக்க ஒரு திருத்தத்தையும் இணைத்து அனுப்பினேன். பிழை திருத்தம் கதவு சாத்திய பிறகும் உள்ளே போகலாம் என்று விதி இருக்கிறதே, அதை நம்பினேன். திருத்தம் சரியாகத்தான் இருந்தது. அனுப்புவதற்கு முன் அடுத்த நாள் மதியம் எங்கள் மாடியில் அதை ஓட்டிப் பார்த்திருந்தேன், உச்சி வெயிலிலும் பச்சை.

மறுநாள் காலை பதில் வந்தது. வெட்டாமல், முழு மெயிலாக, மிகுந்த மரியாதையுடன். இப்படி ஒரு பிழையைத் தன் பேட்ச்சிலேயே கண்டுபிடித்துச் சொல்வது அபூர்வம் என்றார். மெஷினுக்கும் நன்றி என்றார். ஆனால் இவ்வளவு ஆழத்தில் ஓர் ஓட்டை இருந்தால் இன்னும் ஒன்று இருக்கலாம். கதவு சாத்தும் நேரத்தில் இதைச் சுமக்கத் தனக்குத் தைரியமில்லை. திரும்ப எடுத்துவிடுகிறேன், அடுத்த வருஷம் முயற்சி செய்யலாம் என்று முடித்திருந்தார். அந்த மெயிலை நான் படித்து முடிப்பதற்குள் எடுத்தும் விட்டார். சேர்ப்பதற்கு வருஷங்கள், எடுப்பதற்கு ஒரு கட்டளை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இதைச் சொல்வதில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை.

அந்த அம்மாள் வருத்தம் தெரிவித்து எழுதினார். நிஜமான வருத்தம்தான். இடத்தை ஒரு வருஷம் வைத்திருக்க முடியாது என்றார்.

சர்ச்சில்தான் ரொம்பக் கஷ்டம். சேர்த்த பேட்ச்சைத் திரும்ப எடுக்கலாம். வாசித்த காணிக்கையைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஞாயிறுதோறும் புது வேலை எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். ஒருவர் தன் மகளுக்கும் அங்கே ஏதாவது சொல்லிவைக்கச் சொன்னார். வேலை கிடைக்கவில்லை என்று சொன்னால், அப்படியானால் எதற்குக் காணிக்கை என்ற கேள்வி வரும். கர்த்தரையே பொய் சொல்லவைத்த மாதிரி ஆகிவிடும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துவிட்டது. கொஞ்ச நாளில் நான் காலை ஆராதனையை விட்டுவிட்டுத் தெரிந்தவர்கள் குறைவாக வரும் மாலை ஆராதனைக்குப் போக ஆரம்பித்தேன். இவர் காலையில் தனியாகப் போய்வந்தார்.

ஜூலையில் அடுத்த வருஷ வெளியீட்டுக்கான பேச்சு தொடங்கியது. என் பேட்ச்சை மறுபடி அனுப்பினேன். ஒருவர், இப்படி ஓரமாக உட்காரவைப்பதே சரியான வழியா என்று அடியிலிருந்து யோசிக்க வேண்டும் என்றார். இன்னொருவர் அந்தப் பகுதியையே வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பதாகவும், முடியும்வரை பொறுக்கலாம் என்றும் சொன்னார். பேர் சொன்னவர்களில் ஒருவர் மறுபடி பேரைப் பற்றிக் கேட்டார். அந்தப் பேசாத கமிட்டர் வேறு வேலையில் இருந்தார். கடைசியில் என் பேட்ச்சுக்கு எதிரே, கருத்துகளுடன் திருப்பி அனுப்பப்பட்டது என்று ஒரு குறிப்பு விழுந்தது. என்ன கருத்து என்று தேடிப் பார்த்தேன், யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அதன்பின் நான் எழுதவில்லை. கோபித்துக்கொண்டெல்லாம் இல்லை; எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள், ஒப்பந்த வேலை, போய்ச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர்களை ஆன் செய்வது, ஆஃப் செய்வது, யாருடைய மவுஸ் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது. போகும்போதும் வரும்போதும் ரயிலில் லிஸ்டைப் படிப்பேன். சின்னச் சின்னச் சண்டைகள், ப்ளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று. இத்தனை வருஷம் அங்கே பேசிய ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டாளே, என்ன ஆயிற்று என்று ஒருவராவது கேட்பார் என்று ஆகஸ்ட் வரை நினைத்தேன். செப்டம்பர் வரையிலும்கூட நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். மாடி அறையைக் காலி செய்யும்போது வேலைக்கு வந்தவர்கள் மெஷினைப் பிடுங்கிப் பழைய பெட்ஷீட் ஒன்றைப் போர்த்திப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தார்கள். சுண்ணாம்பு காய்ந்த பிறகும் நான் அதைத் திரும்ப மேலே கொண்டுபோகவில்லை. மாடி அறை வெறுமையாக, வெள்ளையாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாரத்திலேயே மெயில் வந்தது. மெஷின்களைக் கவனிக்கும் தன்னார்வலர் ஒருவர் எழுதியிருந்தார். உங்கள் மெஷினிடமிருந்து சில நாட்களாகத் தகவல் இல்லை, எல்லாம் நலம்தானே? அவ்வளவு சூட்டில், அவ்வளவு மெதுவாக ஓடுவது எங்களிடம் அது ஒன்றுதான்; மற்றவை எதிலும் மாட்டாததெல்லாம் அதில் மாட்டுகிறது; அது இல்லாதது எங்களுக்குப் பெரிய குறை. முடிந்தால் திரும்ப ஓடவிடுங்கள். கீழே இன்னும் இரண்டு மூன்று பேர், ஆமாம், நாங்களும் கவனித்தோம், நலம்தானே என்று கேட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பேசாத கமிட்டர்.

கணவரிடம் போனைக் காட்டினேன். படித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"பரவாயில்லையே, உன்ன ஞாபகம் வெச்சிருக்காங்க."

நான் போனை வாங்கி, அந்த மெயிலில் மெஷினைத் தவிர என்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று இன்னொரு முறை தேடிப் படித்தேன். அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்; அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். இருவருமாகப் பெட்ஷீட்டை எடுத்துவிட்டு மெஷினை மாடிக்குத் தூக்கிப் போனோம். அவர் செருகினார், நான் ஆன் செய்தேன். பல நாள் சேர்ந்துபோன மாற்றங்களையெல்லாம் இறக்கிக்கொள்ள நேரம் பிடித்தது. ஜன்னல் ஓரம் நின்று காத்திருந்தோம், புதுச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. பிறகு சோதனைகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அவை ஓடியது அந்த டேட்டாபேஸின் இன்றைய புரோகிராமில், ஒவ்வொரு வரியிலும் யாருடைய உழைப்போ இருந்தது, நான் எழுதியது ஒரு வரிகூட இல்லை. எல்லாம் பச்சை.